ஐந்தாம் வகுப்பில் ஒரு என்கொயரி

1

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் மகள் அமுதா சாப்பாட்டு மேஜைமேல் ஒரு சின்ன டேப்ரிக்கார்டரை வைத்துவிட்டு, எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்து வேலையாம். என்னைக் கேள்வி கேட்டுப் பதிவு செய்ய வேண்டுமாம். பெட்டியில் எரிந்த சிவப்பு விளக்கைப் பார்த்தேன். அடுத்தபடியாக வாசல் கதவைப் பார்த்தேன். கோலார் தங்கவயலில் பிறந்து, அங்கேயே சுரங்கத்தில் வேலை பார்த்தவனுக்கு, எதிரில் ஒருவர் உட்கார்ந்து கேள்வி கேட்டால் கண் தானாகவே வாசலுக்குப் போகும். அங்கே எங்கள் ஆண்டர்சன்பேட்டைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது மேற்கு ஆஸ்திரேலியாவில் கல்கூர்லி என்ற ஊர். பெயரிலேயே கல் இருக்கிறது. இதுவும் தங்கம் தோண்டும் ஊர்தான். வந்து இந்த மாதத்தோடு ஐந்து வருடம் ஆகிறது. தங்கவயலில் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில், ஆள் இறங்கும் குழியான ஷாப்ட் பக்கத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன் இங்கேயும் ஒரு சுரங்கப் பட்டறையில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். அங்கே கேஜ் என்கிற கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்குவார்கள். இங்கே ஊருக்குப் பக்கத்தில் மண்ணையெல்லாம் வாரியெடுத்து ஒரு பெரிய பள்ளமாக்கி வைத்திருக்கிறார்கள். வெடி வைக்கும்போது எங்கள் சமையலறை ஜன்னல் நடுங்கும். என் மனைவி சரோஜா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். ஊரில் அடியில் பாறை வெடித்து, அலமாரியில் பாத்திரமெல்லாம் ஆடியதைப் பார்த்தே வளர்ந்தவள் அவள்.

அமுதாவுக்குப் பதினேழு வயது. பள்ளியில் கடைசி வருடம். அவள் பள்ளியில் பாடம் நடத்துவதில்லை. கேலிக்குச் சொல்லவில்லை, பெற்றோர் கூட்டத்தில் டேவிட் என்கிற அவளுடைய வாத்தியாரே சொன்னார். மாணவர்களே கேள்வியைக் கண்டுபிடிக்க வேண்டுமாம், அவர்களே தேட வேண்டுமாம், அவர்களே விடைக்கு வந்து சேர வேண்டுமாம். அதற்குப் பெயர் என்கொயரி முறை. அப்படியானால் உங்களுக்கு எதற்குச் சம்பளம் என்று கேட்க வாயெடுத்தேன், சரோஜா என் காலை மிதித்துவிட்டாள். சரியான விடை என்று எதுவும் கிடையாது என்றும் டேவிட் சொன்னார். சரியான விடை இல்லாவிட்டால் மார்க் எப்படிப் போடுவீர்கள் என்று மட்டும் கேட்டேன். அவர் முகமெல்லாம் மலர்ந்து, அது மிக நல்ல கேள்வி என்று பாராட்டினார். பதில் சொல்லவில்லை. எனக்கு அங்கேயே சந்தேகம் தட்டிவிட்டது.

இந்த மாதிரிச் சிரித்த முகத்தோடு கேள்வி கேட்கிற ஒரு டீச்சரை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன்.

2

தங்கவயலில் என்கொயரி என்றால் ஒரே அர்த்தம்தான். ஒருவன்மேல் புகார் வந்தால் முதலில் மெமோ, பிறகு சார்ஜ் ஷீட், பிறகு சஸ்பென்ஷன், அதற்கப்புறம் என்கொயரி. ஒரு மேஜை. அந்தப் பக்கம் ஆபீசர்கள், இந்தப் பக்கம் நாற்காலி நுனியில் அவன். கேட்கிற கேள்விக்கெல்லாம் விடை அவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது, எந்த விடையைச் சொல்லி நீ மாட்டிக்கொள்கிறாய் என்று பார்ப்பதற்குத்தான் கேட்கிறார்கள் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். இன்னாருக்கு என்கொயரியாம் என்று லைனில், அதாவது கம்பெனி வீட்டு வரிசையில், பேச்சு கிளம்பினால் அந்த வீட்டில் யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள். பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தால் அது தள்ளிப்போகும்.

அதிலும் பெரியது கல் என்கொயரி. அடியிலிருந்து மேலே வருகிறவனைத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். தங்கம் ஓடுகிற வெள்ளைக் கல்லில் கருநீலமாக ஒரு கோடு இருக்கும். பார்த்தவுடனே தெரியும். அந்தக் கல்லில் ஒரு துண்டு வீட்டில் அகப்பட்டால் போதும், வேலை போகும், வேலையோடு கம்பெனி கொடுத்த வீடும் போகும். திருடியவன் யாரென்று யோசிப்பதைவிட, மாட்டிவிட்டவன் யாரென்று யோசிப்பதில்தான் எங்கள் பாதி ஆயுள் கழிந்தது. புதிதாக ஒருவன் டீக்கடையில் வந்து உட்கார்ந்து நாலு கேள்வி கேட்டால், அவன் கம்பெனிக் காவல் படையின் ஆள் என்று பேசிக்கொள்வோம். அவன் பாவம் எண்ணெய் வியாபாரியாக இருப்பான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள். அமுதா அப்போது ஆண்டர்சன்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. சாயங்காலம் பையை இறக்கி வைத்தவள், சாதாரணமாகச் சொன்னாள்.

"அப்பா, வெள்ளிக்கெயம எங்க கிளாசுல என்கொயரி. அப்பா அம்மாவ வரச் சொன்னாங்க மிஸ்."

சரோஜா அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தை அப்படியே விட்டாள். நான் குழந்தையைக் கிட்டே கூப்பிட்டு, என்ன பண்ணினாய் என்று கேட்டேன். ஒன்றும் பண்ணவில்லை என்றாள். பிறகு யாருக்கு என்கொயரி என்றேன். எல்லாருக்கும் என்றாள். வகுப்பு மொத்தத்துக்குமா என்று கேட்டேன். ஆமாம், வகுப்பு மொத்தத்துக்கும். ஊரில் ஒரு ஷிப்டையே நிற்க வைத்து விசாரித்ததைக் கேள்விப்பட்டிருக்கிறேன், ஐந்தாம் வகுப்பையே விசாரித்ததைக் கேள்விப்பட்டதில்லை.

"ஆளுக்கொரு கல்லு எடுத்துக்கினு வரணும்," என்றாள் அமுதா.

"கல்லா? இன்னாத்துக்குடி?"

"அத்த பத்தித்தான் கேள்வி கேப்பாங்களாம்."

அந்த மிஸ் பெயர் ஸ்டெல்லா. பெங்களூரிலிருந்து அந்த வருடம்தான் வந்திருந்தாள். ஏதோ புதுப் பயிற்சி எடுத்தவளாம், கரும்பலகையில் விடை எழுதிப் போட மாட்டாளாம், பிள்ளைகளையே கேட்க வைப்பாளாம். பெங்களூரில் வேலை கிடைக்கக்கூடிய ஒரு பெண் எதற்காக ஆண்டர்சன்பேட்டைக்கு வர வேண்டும்? வந்த சில மாதத்தில் எதற்காகப் பிள்ளைகளிடம் வீட்டிலிருக்கும் கல்லைக் கொண்டுவரச் சொல்ல வேண்டும்? வீடு வீடாகச் சோதனை போட்டால் கலாட்டா ஆகும். பிள்ளைகளிடம் சொன்னால் அவர்களே சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். இதைக் கண்டுபிடித்தவனின் மூளையை நினைத்து எனக்குக் கொஞ்சம் மரியாதைகூட வந்தது.

நானே போய் ரோட்டோரத்தில் ஒரு கருங்கல் ஜல்லியைப் பொறுக்கிக்கொண்டு வந்து அமுதாவிடம் கொடுத்தேன். யாரும் எதுவும் சொல்ல முடியாத கல்.

3

என்கொயரிக்குப் போகிறவன் தனக்காகப் பேச ஒரு சக தொழிலாளியை அழைத்துக்கொண்டு போகலாம் என்பது விதி. எங்கள் லைனில் அதற்கென்றே ஒருவர் இருந்தார். அடுத்த வீட்டு மணி அண்ணன். அடியில் பாறையில் துளை போடுகிற வேலை. சங்கத்தில் நல்ல பேச்சாளர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனால் பீடியிலிருந்து வேட்டி வரை எங்களுக்குள் உன்னது என்னது என்று கிடையாது. அவர் மகள் தேவியும் அமுதாவும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. என் கல்யாணத்துக்குப் பந்தல்கால் நட்டவர் அவர்தான். ஊரில் எனக்கு அண்ணன் தம்பி கிடையாது, அந்த இடத்தில் அவர் இருந்தார்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் சந்தேகப்படவேயில்லை, அதாவது என்னைச் சந்தேகப்படவில்லை. அவருக்கும் மிஸ்மேல்தான் சந்தேகம். வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனோம்.

ஐந்தாம் வகுப்பு வாசலில் ஸ்டெல்லா மிஸ் எங்களைப் பார்த்துச் சிரித்தாள். மற்ற வீடுகளிலிருந்து யாரும் வரவில்லை. பயந்துகொண்டு வராமல் இருக்கிறார்கள் என்பது எனக்குப் புரிந்தது, அவளுக்குப் புரியவில்லை. நீங்களாவது வந்தீர்களே என்று மிகவும் சந்தோஷப்பட்டாள். மணி அண்ணன் அதற்கெல்லாம் மயங்குகிற ஆளில்லை.

"மிஸ், மொதல்ல சார்ஜ் இன்னான்னு சொல்லிடுங்க," என்றார்.

"கிளாசுக்கு நான்தாங்க சார்ஜ்," என்றாள் அவள்.

மணி அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். இவள் சாமானியப்பட்டவள் இல்லை என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். எங்களைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தாள். முழங்கால் மேஜையில் இடித்தது.

நடுவில் இரண்டு மேஜையைச் சேர்த்துப் போட்டு, அதன்மேல் பிள்ளைகள் கொண்டுவந்த கல்லையெல்லாம் பரப்பியிருந்தாள். ஆற்றுக் கூழாங்கல், அம்மியில் உடைந்த துண்டு, தண்டவாளத்து ஜல்லி, யாரோ ஒருத்தி கொண்டுவந்த கோலமாவுக் கல். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கல்லை எடுத்து அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்க வேண்டும். விடை சொல்லக் கூடாது, கேள்வி மட்டும். வெயிலில் வைத்த கல் ராத்திரியும் சூடாக இருக்கிறதே, அந்தச் சூடு எங்கே ஒளிந்திருக்கிறது என்று ஒரு பையன் கேட்டான். பாதியாக உடைத்தால் ஒரு கல் இரண்டு கல்லா, இல்லை இரண்டு பாதியா என்று இன்னொருவன். அமுதா என் ஜல்லியைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தக் கல்லை எங்கப்பா ஏன் தேடித் தேடி எடுத்தார் என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். மிஸ் அந்தக் கேள்வியையும் பலகையில் எழுதினாள்.

உண்மையைச் சொன்னால், ஒரு பத்து நிமிஷம் நான் என் சந்தேகத்தை மறந்துவிட்டேன். நாங்கள் படித்த காலத்தில் கேள்வி கேட்டால் பெஞ்சுமேல் ஏற்றிவிடுவார்கள். இங்கே பிள்ளைகள் எம்பி எம்பிக் கை தூக்கினார்கள்.

அப்போது தேவி எழுந்து போய்த் தன் கல்லை எடுத்தாள். இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கல்.

அது மணி அண்ணன் வீட்டு வாசல் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்த கல். அவருடைய அப்பா காலத்திலிருந்து அங்கே கிடந்தது. எத்தனையோ தரம் என் கால் விரல் அதில் இடித்திருக்கிறது. சாணியும் செம்மண்ணும் படிந்து அது ஒரு கல் என்பதே யாருக்கும் தோன்றியதில்லை. தேவி அதைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்திருந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் அது வெள்ளைவெளேர் என்றிருந்தது. குறுக்கே கருநீலமாக ஒரு கோடு ஓடியது.

வகுப்பு அடங்கிப்போனது. அங்கே இருந்த பிள்ளைகளில் பாதிப் பேருடைய அப்பாக்கள் அந்தக் கல்லைத்தான் தினமும் உடைத்துவிட்டு வருகிறார்கள். மிஸ்ஸுக்கு மட்டும் தெரியாது, அல்லது தெரியாத மாதிரி இருந்தாள்.

"அழகா இருக்கே. இது எங்க கெடச்சது தேவி?"

தேவி திரும்பித் தன் அப்பாவைப் பார்த்தாள். பிறகு, "கீய கெடந்துச்சி மிஸ்," என்றாள்.

தரையில் கிடந்தது என்றுதான் குழந்தை சொன்னது. ஆனால் எங்கள் ஊரில் கீழே என்றால் சுரங்கத்துக்குள்ளே. 'அண்ணன் கீழே போயிருக்காரு' என்றால் ஷிப்டில் இருக்கிறார் என்று பொருள். மணி அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தார். வலித்தது. நான் கையை எடுக்கவில்லை.

இந்தக் கல் என்ன கல் என்று தனக்கும் தெரியாது என்றாள் மிஸ். தெரியாததைத் தெரிந்தவர்களிடம் போய்க் கேட்பதுதான் என்கொயரி என்றாள். கம்பெனியில் கல்லைப் பற்றிப் படித்த ஆபீசர்கள் இருக்கிறார்களாமே, திங்கட்கிழமை அவர்களில் ஒருவரை வகுப்புக்கு அழைத்துக்கொண்டு வருகிறேன், அதுவரை எல்லாக் கல்லும் இங்கேயே இருக்கட்டும் என்றாள். பிள்ளைகள் கை தட்டவில்லை. அந்தக் கைதட்டலுக்காகத்தான் அவள் காத்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது.

வெளியே வந்து காம்பவுண்டுச் சுவரோரம் நின்றோம். மணி அண்ணனுக்குப் பீடி பற்றவில்லை. நான் வாங்கிப் பற்ற வைத்துக் கொடுத்தேன். அவருக்கு அந்த வேலையைத் தவிர வேறு எதுவும் இல்லை. சொந்த வீடு இல்லை, ஊர்ப்பக்கம் நிலம் இல்லை. ஒரு ஆபீசர் வந்து அந்த மேஜையைப் பார்த்தால் எல்லாம் முடிந்தது.

"உள்ள போயி எடுத்துடு ஏகா," என்றார், ஏகாம்பரம் என்ற என் பெயரைச் சுருக்கி. "உன் பொண்ணு டிபன் பாக்ஸ மறந்துட்டான்னு சொல்லு. உன்னை யாரும் கேக்க மாட்டாங்க."

"உங்க கல்லுண்ணா. நீங்க எடுத்தாத்தான் ஒயுங்கா இருக்கும்."

தொட்டவன் பேரில்தான் கேஸ். அது இரண்டு பேருக்கும் தெரியும். அவருக்கு மத்தியான ஷிப்ட், எனக்கும் வேலை இருந்தது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் போனோம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் சரோஜாவையும் அமுதாவையும் உட்கார வைத்து, அந்தக் கல்லைப் பற்றி இந்த வீட்டில் இனிமேல் யாரும் வாயைத் திறக்கக் கூடாது, என்னிடம்கூடப் பேசக் கூடாது என்று சொன்னேன். அமுதா தலையாட்டினாள்.

4

திங்கட்கிழமை கல் மேஜைமேல் இல்லை.

அமுதாவும் தேவியும் ஒன்றாக வந்து சொன்னார்கள். மிஸ் வகுப்பில் எல்லாரையும் கேட்டாளாம். ஒரு பிள்ளைகூட வாய் திறக்கவில்லையாம். ஆபீசரும் வரவில்லை. மிஸ் மிச்சக் கல்லையெல்லாம் பிள்ளைகளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, புத்தகத்தைத் திறக்கச் சொன்னாளாம். அதற்கப்புறம் அவள் விடையைப் பலகையில் எழுதிப் போட்டாள், பிள்ளைகள் பார்த்து எழுதினார்கள். வருடக் கடைசியில் வேலையை விட்டுப் போய்விட்டாள். கல்யாணம் என்றார்கள். வந்த வேலை முடிந்தது, போய்விட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எனக்கு அன்றைக்கு நிம்மதியாக இருந்தது. சாயங்காலம் மணி அண்ணனிடம் போய், நல்லவேளை எடுத்துவிட்டீர்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"நான் எங்க எடுத்தேன்? நீதான எடுத்த?"

இல்லை என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டு பேரும் மற்றவர் பொய் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு சிரித்தோம். ஆனால் பொய் எதற்கு? என்னிடம் மறைக்க அவருக்கு என்ன இருக்கிறது? அந்தக் கல்லில் எங்களுக்குத் தெரியாத அளவுக்குச் சரக்கு இருந்ததா? அப்பா காலத்துக் கல் என்றாரே, அது உண்மையா? ஒரு கேள்வி வந்தால் அதன் பின்னாலேயே இன்னொன்று வந்தது. டேவிட் வாத்தியார் பார்த்திருந்தால் ரொம்ப மெச்சியிருப்பார்.

அவருக்கு என்னைப் பற்றி என்ன தோன்றியதென்று கொஞ்ச நாள் கழித்துத்தான் தெரிந்தது. அவருக்கு ஒரு மெமோ வந்தது. கல்லுக்காக இல்லை, சொல்லாமல் லீவு போட்டதற்காக. எச்சரித்து விட்டுவிட்டார்கள். ஆனால் மணி அண்ணன் கணக்கு வேறு. கல்லை எடுத்தவன் நான்தான், அதை வைத்துக்கொண்டு தன்னை ஆட்டிவைக்கப் பார்க்கிறேன் என்று முடிவு கட்டிவிட்டார். யாரிடமும் சத்தம் போடவில்லை. என் வீட்டைத் தாண்டிப் போகும்போது தலையைக் குனிந்துகொண்டு போக ஆரம்பித்தார். பொங்கலுக்கு அவர் வீட்டிலிருந்து வழக்கமாக வரும் பொங்கல் பாத்திரம் வரவில்லை. தேவி வேறு பெஞ்சுக்கு மாறிவிட்டாள் என்று அமுதா ஒருநாள் சொன்னாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பும்போது லைனே வந்து வழியனுப்பியது. அடுத்த வீட்டுக் கதவு மட்டும் சாத்தியிருந்தது. வயிறெரிந்துகொண்டுதான் வண்டி ஏறினேன். கோபமா வருத்தமா என்று இப்போதும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

5

இங்கே வருவதற்கு எத்தனை கேள்விக்குப் பதில் எழுதினேன் என்று நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. போலீஸ் சான்றிதழ், எக்ஸ்ரே, நான் செய்த வேலையை நான்தான் செய்தேன் என்பதற்குக் கடிதம். எப்போதாவது விசாரணைக்கு ஆளானதுண்டா என்று ஒரு கேள்வி. இல்லை, ஐந்தாம் வகுப்பில் மகளுடன் ஒரு என்கொயரிக்குப் போயிருக்கிறேன் என்று பெங்களூர் ஏஜெண்டிடம் சொன்னேன். அந்த ஆள் பேனாவை மூடி வைத்துவிட்டு, சார், சும்னே இருங்க, கேட்காததையெல்லாம் சொல்லாதீங்க என்று பாதிக் கன்னடத்தில் சொன்னான். தங்கவயலுக்கு வெளியேயும் விவரம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

பட்டறையில் ஏகாம்பரம் என்ற பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. நடுவில் கொஞ்சம் பிய்த்து 'ஆம்போ' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இந்த ஊர்ப் பேச்சில் ஆம்போ என்றால் ஆம்புலன்சுக்காரன். புதிதாகச் சேர்ந்த ஒருவன் கையை வெட்டிக்கொண்டு, ரத்தம் சொட்டச் சொட்ட என்னிடம் ஓடிவந்து நின்றான். நானும் ஒயரை வெட்டுகிற கத்தரியால் துணியை வெட்டிக் கட்டிவிட்டேன்.

அமுதாவுக்கு இந்தச் சிக்கலெல்லாம் இல்லை. வந்த ஒரு வருடத்தில் அவள் பேச்சு இந்த ஊர்ப் பேச்சாகிவிட்டது. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். எங்கே போகிறாய் என்றால் வெளியே. யாரோடு என்றால் பிரெண்ட்ஸ். கதவு சாத்திக்கொள்ளும் சத்தம். அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று நான் யோசிக்காத நாளில்லை. சிகரெட்டா, பையனா, வேறு ஏதாவதா? சரோஜா என்னைத் திட்டுவாள், நேராகக் கேட்டால் என்ன என்பாள். கேட்டால் பொய் சொல்வாள், பொய் சொல்ல வைத்துவிட்டு அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியாது என்பேன்.

இந்த வருடம் தங்கவயல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். செய்தி வந்த வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. மணி அண்ணன் என்ன செய்கிறாரோ என்று சரோஜாவிடம் ஒருதரம் சொன்னேன். போன் பண்ணுங்களேன் என்றாள். அவர் பேச மாட்டார் என்றேன். உண்மையில், பேசினால் அவர் என்ன கேட்பாரோ என்ற பயம்.

6

ஆகவே போன ஞாயிற்றுக்கிழமை அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தபோது நான் ஜாக்கிரதையாகத்தான் இருந்தேன். அவளுக்குக் கொடுத்த தலைப்பு, ஊரை விட்டு வந்ததில் எதை இழந்தோம் என்பதாம். அமுதா தமிழில் கேட்டாள். தட்டுத் தடுமாறித்தான், ஆனால் தமிழில். என்ன வேலை பார்த்தாய், வீடு எப்படி இருந்தது என்று ஆரம்பித்தாள். ஆபத்தில்லாத பதிலாகப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

"ஊர்ல உன்னோட பெஸ்ட் பிரெண்ட் யாருப்பா?"

"மணி அண்ணன்."

"இப்ப ஏன் பேசறதில்ல?"

டேப்பை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினாள். மேஜைமேல் கொஞ்ச நேரம் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கல்லுனாலயா?" என்றாள். "அத்த நான்தானப்பா எடுத்தேன்."

நான் முதலில் நம்பவில்லை. எங்களைச் சேர்த்து வைப்பதற்காக ஒரு கதை கட்டுகிறாள் என்று நினைத்தேன். எப்போது எடுத்தாய், எப்படித் தூக்கினாய், எங்கே போட்டாய் என்று குறுக்கும் நெடுக்குமாகக் கேட்டேன். அவள் ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னாள். வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்ததும் எல்லாரும் ஓடினார்கள். அவள் புத்தகத்தையெல்லாம் பெஞ்சுக்கடியில் வைத்துவிட்டுப் பையில் கல்லைப் போட்டுக்கொண்டாள். ஷாப்ட் பக்கத்தில் வேண்டாத கல்லைக் கொட்டி வைக்கிற மேட்டில் கொண்டுபோய்ப் போட்டாள். தேவிக்குக்கூடச் சொல்லவில்லை. தூக்க முடியாமல் வழியில் பையின் வார் அறுந்துவிட்டதாம்.

"ஆமா, நான்தான் தெச்சிக் குடுத்தேன்," என்றாள் சரோஜா அடுப்படியிலிருந்து. "புக்கு இன்னாடி இத்தினி வெயிட்டான்னு திட்டினேன் அன்னிக்கி."

பத்து வயதுப் பெண். கடைசி பெஞ்சில் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்திருக்கிறாள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது, அதை வைத்துக்கொண்டு, நாங்கள் இரண்டு ஆண்பிள்ளைகள் சுவரோரம் நின்று பயந்துகொண்டிருந்த வேலையைச் செய்து முடித்திருக்கிறாள்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"வாயத் தொறக்கக் கூடாதுன்னு நீதான சொன்ன. மிஸ் கேட்டாங்க, அவங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு எனக்கே தெரியும். நீ கேட்டா சொல்லலாம்னு இருந்தேன்." டேப்ரிக்கார்டரை ஓரமாகத் தள்ளி வைத்தாள். "நீ யார் யாரையோ சந்தேகப்பட்டப்பா. என்ன மட்டும் கேக்கவேயில்ல."

எழுந்து போய் அவள் தலைமேல் கை வைத்தேன். அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

ஆண்டர்சன்பேட்டையில் சரோஜாவின் தம்பி கடை வைத்திருக்கிறான். அங்கே போன் இருக்கிறது. மறுநாள் சாயங்காலம் மணி அண்ணனை அங்கே வரவழைக்கச் சொன்னேன். வருவாரோ மாட்டாரோ என்று இருந்தது. வந்திருந்தார். இத்தனை வருடம் கழித்துக் குரலைக் கேட்டதும் நான் நலம் விசாரிக்கக்கூட மறந்து, கல்லை எடுத்தது அமுதா என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

"இன்னாத்துக்கு இப்ப சொல்ற?" என்றார். "சொரங்கமே மூடிட்டாங்க. இப்ப யாருக்கு இன்னா ஓணும்?"

யாருக்கும் எதுவும் வேண்டாம் அண்ணா என்றேன். நம்பின மாதிரித் தெரியவில்லை. போனை அமுதாவிடம் கொடு என்றார். கொடுத்தேன். அவர் கேட்டது எனக்குக் கேட்கவில்லை, அவள் சொன்னது மட்டும் கேட்டது. ஆமா பெரியப்பா. இல்ல, யாரும் சொல்லச் சொல்லல. நானேதான். பையில. அந்த மேட்டு மேலதான், எந்த எடம்னு நெனவு இல்ல. இல்ல பெரியப்பா, அப்பாக்கு நேத்துதான் தெரியும். பிறகு, தேவி எப்படி இருக்கா என்று கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை என்னிடம் நீட்டினாள்.

"அப்போ நீ எடுக்கல," என்றார் மணி அண்ணன்.

"இல்லண்ணா."

"நானும் எடுக்கல."

"தெரியும்ணா."

"இப்பத்தான் தெரியும்னு சொல்லுடா," என்றார்.

இப்போதுதான் தெரியும் அண்ணா என்று சொன்னேன்.